18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன எண்? இதற்கு ஏன் தனியாக ஒரு பக்கம்?

2-ஐ 64 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது: 2⁶⁴ − 1. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் அரிசி இவ்வளவுதான். கணினியில் 64 பிட்டுக்குள் (0 அல்லது 1 என்ற 64 இடங்களுக்குள்) அடங்கும் மிகப் பெரிய குறியற்ற, அதாவது எதிர்மறைக்கு இடமில்லாத, முழு எண்ணும் இதுவே. இருபது இலக்கம் இருப்பதால் பார்த்ததும் மலைப்பு வரும். ஆனால் பள்ளியில் படித்த ஒரே ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும், இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடலாம். இதே அளவுள்ள வேறு எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் இந்த வசதி கிடைக்காது.

தமிழில் எப்படி வாசிப்பது?

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழு இலக்கமாக வெட்டினால் வாய்விட்டுச் சொல்ல வரும்: 184467 | 4407370 | 9551615. ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

கால்குலேட்டரில் கடைசி இலக்கங்கள் தெரிவதில்லை. கையால் எப்படிக் கணக்கிடுவது?

64 முறை இரட்டிக்க வேண்டாம். வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் ஆறு படியில் வந்துவிடும். 2, 4, 16, 256, 65536, 4294967296. ஐந்து படியில் 2³² கிடைத்துவிட்டது. கடைசிப் படி மட்டுமே பெரியது. அதற்கு எண்ணை இரண்டாக வெட்டுங்கள்: 42949 ஒரு துண்டு, 67296 இன்னொரு துண்டு.

முதல் துண்டின் வர்க்கம் 1844616601. இரண்டு துண்டுகளின் பெருக்கலின் இரு மடங்கு 5780591808. இரண்டாம் துண்டின் வர்க்கம் 4528751616. மூன்றுமே பத்து இலக்கம் என்பதால் சாதாரணக் கடை கால்குலேட்டரே போதும். இனி முதலாவதன் பின்னால் பத்து பூஜ்யம், இரண்டாவதன் பின்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுங்கள்:

18446166010000000000
578059180800000
4528751616

கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். தவறு நேர்வது பெரும்பாலும் இந்தக் கூட்டலில்தான். வலப்பக்க ஓரத்தை நேராக வைக்காமல் இடப்பக்கத்தை நேராக வைத்து எழுதிவிட்டால் எல்லாம் கலைந்துபோகும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எழுதுவது நல்லது.

வந்த விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒன்பதால் ஒரு சோதனை, பதினொன்றால் ஒரு சோதனை. இரண்டையும் செய்ய வேண்டும்.

2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி ஆறு ஆறாகத் திரும்பி வரும். 64-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4, ஆகவே 2⁶⁴-இன் மீதி 2⁴-இன் மீதியே: 16-இலிருந்து 9 போக 7. நம் விடை 18446744073709551616-இன் இலக்கங்களைக் கூட்டினால் 88, பிறகு 16, பிறகு 7. பொருந்துகிறது. ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது. இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. அதற்குத்தான் பதினொன்று. வலக்கோடியிலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து என்று மாற்றி மாற்றிப் போனால் 38 வரும். 11-ஆல் வகுத்தால் மீதி 5. அந்தப் பக்கம் 2¹⁰ = 1024-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 2⁶⁴-இன் மீதியும் 2⁴-இன் மீதியும் ஒன்றே: 5. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும்.

இது பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிவதே போதும். முழுக் காரணிப்படுத்தல்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

இவ்வளவு பெரிய எண்ணைக் கணினி இல்லாமல் எப்படிப் பிரிப்பது?

இரு வர்க்கங்களின் வித்தியாசம். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1).

இடப்பக்கக் காரணியை மறுபடி அதே போலப் பிரிக்கலாம், அதையும் மறுபடி. கடைசியில் நிற்பது

(2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1),

அதாவது 3, 5, 17, 257, 65537, 4294967297. இவை பெர்மா எண்கள். இவற்றில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. காரணம் சுருக்கமானது: ஒவ்வொரு பெர்மா எண்ணிலிருந்தும் 2-ஐக் கழித்தால் அதற்கு முந்தையவை அத்தனையின் பெருக்கல் வரும். ஆகவே பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். இவை எல்லாமே ஒற்றை எண்கள், அது நடக்காது.

முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா நம்பினார். ஆறாவதில் அது உடைந்தது. 1732-இல் ஆய்லர் 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார்.

641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தாரா?

அப்படிச் செய்தால் 641-க்கு முன் நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுக்க வேண்டியிருக்கும். அவர் கண்ட குறுக்குவழி இது: 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் விடை. பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இந்த விதியை இன்னும் இறுக்கி, 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல் என்று காட்டினார். அந்த விதிப்படி 641-க்கு முன் மிஞ்சுவது 257 மட்டும். அதுவும் பெர்மா எண், பொதுக் காரணியாக வர முடியாது. ஆகவே முதல் வகுத்தலே 641 ஆகிவிடுகிறது.

வகுக்காமலே சரிபார்க்கவும் வழி உண்டு. இந்தப் பக்கத்தில் மிக அழகான இடம் அதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 2⁷ + 1, பிறகு 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பேனா மூன்று வரிக்கு மேல் நகரவேண்டாம்.

6700417-ஐ இன்னும் பிரிக்க முடியாது என்பதற்கு என்ன உறுதி?

இதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டுகிறது. பகு எண்ணாக இருந்தால் 2588-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும், அதுவும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக. 2588 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. வகுத்துப் பாருங்கள்: மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூட பூஜ்யம் இல்லை. ஆகவே பகா எண்தான். ஐந்து வகுத்தலில் ஏழு இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று நிறுவிவிட்டோம். எண்ணின் பருமனைவிட அதன் அமைப்பே கணக்கின் கடினத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கைக்கு அடக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

எத்தனை வகுத்திகள்? நிறைவெண்ணா (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாக வரும் எண்ணா)?

ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்: 2⁷ = 128 வகுத்திகள். எல்லாமே ஒற்றை எண்கள். எல்லாவற்றின் கூடுதல் ஒவ்வொரு பகாக் காரணியோடும் 1 சேர்த்துப் பெருக்கினால் வரும்: 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768. எண்ணையே கழித்துவிட்டால் 12975236915480337153. எண்ணைவிடக் குறைவு, ஆகவே நிறைவெண் இல்லை, குறைவெண்.

வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய இரண்டு வகுத்திகள் 4294967295, 4294967297. இரண்டுக்கும் இடையில் 2 மட்டுமே வித்தியாசம். இப்படிக் காரணிகள் நெருங்கி நிற்கும் எண்ணைப் பெர்மாவின் இன்னொரு முறை ஒரே எட்டில் உடைத்துவிடும்: ஒன்றைக் கூட்டு, வர்க்கம் வருகிறதா பார், வந்தால் முடிந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி மறைகுறிச் சாவி செய்கிறவர்கள் அவ்விரண்டையும் அருகருகே எடுக்கக் கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான்.

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

முடியாது. மூன்றாலும் முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வருகிறது. அப்படிப்பட்ட எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் தேவை. சோதிப்பதும் எளிது: ஒரு வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 வராது.

முக்கோண எண்ணா? (1, 3, 6, 10, 15 என்று போகும் வரிசை)

இல்லை. இதற்கான விடை கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரின் கேள்வியில் இருக்கிறது. ஒரு எண் முக்கோண எண்ணாக இருக்க வேண்டுமானால் அதன் எட்டு மடங்கோடு 1 சேர்த்தால் வர்க்கம் வர வேண்டும். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7. 2-இன் எந்த அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்கம் கிடைக்கும் என்பதை இராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேட்டிருந்தார். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளில் கிடைக்கும்: 1, 9, 25, 121, 32761. கடைசியது 181-இன் வர்க்கம். வேறு இல்லை என்று 1948-இல் நார்வேயின் நாகெல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் மிகப் பெரிய முக்கோண எண் 4095, அதாவது 1 முதல் 90 வரையிலான கூடுதல்.

இத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியுமா?

முடியாது, 641-ம் 6700417-ம் தடுக்கின்றன. ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்தால், அந்த எண் வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கலாக மட்டுமே இருக்க வேண்டும். 17 பக்கத்துக்கு முடியும் என்று காஸ் 1796-இல் கண்டார். வேறு வகையில் முடியாது என்பதை வான்ட்செல் 1837-இல் நிறுவினார். நம் எண்ணின் பாதி வழியில் உள்ள 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537-க்கு முடியும். இன்றுவரை தெரிந்தவற்றில் ஒற்றைப் பக்க எண்ணிக்கையில் மிகப் பெரியது அதுதான்.

பெர்மா சோதனை இந்த எண்ணில் வேலை செய்யுமா?

நம் எண்ணில் செய்யும். பகா எண்ணாக இருந்தால் 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இங்கே 2-இன் அடுக்குகள் 64 படிக்கு ஒரு முறை சுற்றி வரும். எண் − 1-ஐ 64-ஆல் வகுத்தால் மீதி 62. ஆகவே கிடைக்கும் மீதி 2⁶² = 4611686018427387904. பகு எண் என்று சரியாகச் சொல்லிவிட்டது.

வழுக்கும் இடம் அதன் காரணியான 4294967297. அங்கும் சுற்று 64 படிதான், ஆனால் எண் − 1 என்பது 2³², அது 64-ஆல் மீதியின்றி வகுபடும். மீதி 1 வந்து நிற்கும், பகு எண் பகா எண்போல் வேடம் போடும். எல்லாப் பெர்மா எண்களும் அடிமானம் 2-இல், அதாவது 2-ஐ அடுக்குக்கு உயர்த்திப் பார்க்கும்போது, இப்படித் தேறிவிடும். இவற்றுக்கு அடிமானம் 3-ஐப் பயன்படுத்துங்கள். 1877-இல் பெப்பின் தந்த சோதனை அதில்தான் அமைந்தது.

சதுரங்கக் கதையில் சிலர் 9223372036854775808 என்கிறார்கள். எது சரி?

அது கடைசிக் கட்டத்தில் மட்டும் வரும் அரிசி, 2⁶³. முதல் 63 கட்டங்களையும் கூட்டினால் அதைவிட ஒன்று குறைவு. இரண்டும் சேர்ந்து நம் எண். மொத்தத்தை 2⁶⁴ என்று சொல்வது இன்னொரு வழக்கமான பிழை. மொத்தத்தை அல்-பிரூனி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சரியாகக் கணக்கிட்டிருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் படைப்பதற்கும் இதே கணக்கைக் கதையாகச் சொல்வார்கள்.

ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 46,100 கோடி டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளைவது சுமார் 50 கோடி டன் அரிசி என்று கொண்டால் 900 ஆண்டு விளைச்சல்.

ஹனாய் கோபுரம்?

சிறியதன்மேல் பெரியது வராமல் ஒவ்வொன்றாக 64 வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இதே எண்ணிக்கை நகர்த்தல்கள் வேண்டும். 1883-இல் லூக்கா வெளியிட்ட புதிர் அது. நொடிக்கு ஒன்று என்றால் 58,400 கோடி ஆண்டுக்கு மேல், அண்டத்தின் வயதைப்போல நாற்பது மடங்குக்கும் அதிகம்.

எக்செலில் தட்டினால் 18446744073709500000 என்று மாறுகிறது. ஏன்?

எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் 18446744073709552000 என்று வரும். அது எண்களை வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி வடிவில் 53 பிட் துல்லியம்தான் உண்டு. இந்த உயரத்தில் அது 2048 இடைவெளிக்கு ஒரு எண்ணைத்தான் குறிக்கும். பக்கத்தில் உள்ள புள்ளி 2⁶⁴, ஆகவே நம் எண் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. எக்செலில் கலத்தை முதலில் டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் வகை. வேறு செயலிக்கு அனுப்பும்போது மேற்கோள் குறிக்குள் எழுத்துச் சரமாக அனுப்புங்கள். பைத்தானில் 2**64-1 முழுத் துல்லியமாக வரும். ஆனால் அங்கும் மடக்கை எடுத்து இருமப் பிட்டுகளை எண்ணாதீர்கள். இந்த எண்ணுக்கு அடிமானம் 2-இன் மடக்கை சரியாக 64.0 என்று வரும், கீழ்நோக்கி முழுமையாக்கி 1 சேர்க்கிறவருக்கு 65 பிட் என்று தப்பான விடை கிடைக்கும்.

நிரலில் −1 எதிர்பார்த்த இடத்தில் இந்த எண் வந்து நிற்கிறதே?

64 பிட்டிலும் 1 இருப்பதுதான் இந்த எண். பதினாறடிமானத்தில் பதினாறு எஃப். குறியுள்ள எண்ணாக வாசித்தால் அதே பிட்டுகள் −1. குறியற்ற மாறியில் 0-இலிருந்து ஒன்றைக் கழித்தாலும் இதுவே வரும். அதனால்தான், குறியற்ற மாறியை வைத்துக்கொண்டு "பூஜ்யமோ அதற்கு மேலோ உள்ளவரை குறைத்துக்கொண்டே போ" என்று எழுதிய சுழல் முடியவே முடியாது.

சி மொழியில் 1-ஐ 64 இடம் இடப்புறம் நகர்த்தி ஒன்றைக் கழித்து இதை உண்டாக்க முயலாதீர்கள். 64 பிட் மாறியை 64 இடம் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு மொழி உறுதி தருவதில்லை. பல கணினிச் சில்லுகளில் எண் நகராமலே நின்று, விடை 0 ஆகிவிடும். குறியற்ற 64 பிட் பூஜ்யத்தின் பிட்டுகளைப் புரட்டுவது பாதுகாப்பான வழி.

ஏழு காரணிகள் தெரிந்திருப்பதால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. 2003-இல் மார்சாலியா வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் வகைச் சமவாய்ப்பு எண் உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: 64 பிட் எண்ணை இடம் 13, வலம் 7, இடம் 17 என்று நகர்த்தி ஒவ்வொரு முறையும் தன்னோடு எக்ஸார் செய்வது (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0). பூஜ்யம் தவிர எல்லா எண்களையும் தொட்டு 2⁶⁴ − 1 படிக்குப் பிறகுதான் தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்று எப்படி அறிவது? ஓட்டிப் பார்க்க ஆயுள் போதாது. ஒரு படியை 64 × 64 இரும அணியாக எழுதி, அதை 2⁶⁴ − 1 அடுக்குக்கு உயர்த்தினால் அலகு அணி வர வேண்டும்; எண்ணை ஒவ்வொரு பகாக் காரணியாலும் வகுத்த அடுக்குகளுக்கு உயர்த்தினால் அலகு அணி வரக் கூடாது. அந்த ஏழு அடுக்குகள், 3 முதல் 6700417 வரை முறையே:

6148914691236517205
3689348814741910323
1085102592571150095
71777214294589695
28778071877862015
281470681808895
2753074036095

வர்க்கப்படுத்தும் முறையில் ஒவ்வொன்றும் 64-க்கும் குறைவான வர்க்கப்படுத்தல்களில் முடியும். ஏழில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். 6700417-ஐ மறந்துவிட்டால் 2753074036095 படியிலேயே திரும்பிவிடும் உற்பத்தி ஒன்று சோதனையில் தேறிவிடக்கூடும். நொடிக்கு நூறு கோடி எண் எடுக்கும் வேலையில் அது 46 நிமிடத்தில் பழைய எண்களையே மறுபடி தரத் தொடங்கும்.

இதற்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் எது?

18446744073709551557, அதாவது 2⁶⁴ − 59. வகுத்து மீதி எடுப்பதற்கு 64 பிட்டுக்குள் அடங்கும் பகா எண் ஒன்று தேவைப்படும்போது இதை எடுத்துக்கொள்ளலாம்.